ஒதுக்கிய படம்

மதியம் ஒன்று பத்துக்கு எக்ஸ்ரே அறையின் கதவை இடித்துத் திறந்துகொண்டு ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அதில் படக்காரனின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

படக்காரன் என்பது ஆஸ்பத்திரி அவனுக்கு வைத்த பெயர். எட்டு வருடமாக அந்த அறையில் எக்ஸ்ரே எடுக்கிறான். கை, கால், மார்பு, முதுகு என்று ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது படம். வருகிறவர்களின் முகத்தை அவன் கடைசியில்தான் பார்ப்பான். முதலில் சீட்டு, பிறகு உடம்பின் எந்தப் பக்கம் என்பது, பிறகுதான் ஆள். அன்றும் சீட்டைத்தான் முதலில் வாங்கினான். மார்பு, அவசரம் என்று எழுதியிருந்தது. பெயரைப் படித்தான். இதே பெயரில் இன்னொருத்தி இருப்பாள் என்று நினைத்தான். நிமிர்ந்தான்.

காலையில் வீட்டு வாசலில் கார் கண்ணாடியை இறக்கி, "இன்னைக்கு ஒருத்திக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தரணும். நான் திரும்பி வந்தா உன் அதிர்ஷ்டம்" என்று சிரித்துவிட்டுப் போனவள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் வேலை அவளுக்கு. இப்போது உதடு வெளுத்து, நெற்றி முழுக்க வியர்த்து, நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஓங்கரிப்புதான் வந்தது. உடம்பையே உலுக்கும் ஓங்கரிப்பு. ஆனால் வாயிலிருந்து எச்சிலைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை.

நாற்காலியைத் தள்ளி வந்தவள் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவள்தான் அன்றைய மாணவி. கார் சாவியை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

"சார், நான்தான் ஓட்டிட்டு வந்தேன். எனக்கு இது ஒன்பதாவது கிளாஸ்தான் சார். நான் மூணாவது கியரே போட்டதில்ல. திடீர்னு நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு விடுன்னாங்க மிஸ். நான் அழுறேன், அவங்க வலியில கத்துறாங்க, ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் இண்டிகேட்டர் போடு, இண்டிகேட்டர் போடுன்னு திட்டிக்கிட்டே வந்தாங்க சார்."

"நீ வெளியே இரும்மா."

"ஆம்புலன்ஸ் நிக்கற இடத்துல வண்டிய போட்டுட்டேன். எனக்கு ரிவர்ஸ் வராது சார்."

"பரவால்ல. வெளியே இரு."

மனைவியால் நிற்க முடியவில்லை. படம் நின்ற நிலையில் எடுத்தால்தான் காற்று எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியும். வார்டு ஆளைக் கூப்பிட்டு, ஈய அங்கியை மாட்டிவிட்டு, அவளைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னான். தானே போய்ப் பிடித்திருக்கலாம். பொத்தானை அமுக்க வேறு ஆள் இல்லை. "மூச்ச இழுத்துப் பிடி" என்றான். அவளால் பிடிக்க முடியவில்லை. அப்படியே எடுத்தான். மணி ஒன்று பதினாலு. இது அவன் நினைவிலிருந்து சொன்னதல்ல, இயந்திரம் படத்தின் மூலையில் எழுதி வைத்த நேரம்.

திரையில் படம் வந்தது.

இதயத்துக்குப் பின்னால், இடது மார்பு முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஒரு பெரிய காற்றுப் பை. அதற்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு நீர்மட்டங்கள். மார்பில் இருக்கவே கூடாத இரைப்பை, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வில் உள்ள ஓட்டை வழியாக மேலே ஏறி, அங்கே போய்த் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருந்தது. கல்லூரிப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் இதற்கு இருந்தது. அந்தப் பக்கத்துப் படம் கூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

வார்டு ஆள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவசரப் பிரிவுக்குத் திரும்பினான். படக்காரன் படத்தைக் கணினி வழியாக அனுப்பினான். இனி அங்கே இருக்கும் டாக்டர் பார்ப்பார். பார்த்தால் புரியும்.

படம் எடுக்கிறவன் வேறு, படிக்கிறவர் வேறு. அந்த அறையில் முதல் நாள் முதல் பாடம் அதுதான். புற்றுக் கட்டியைத் திரையில் பார்த்தாலும், "டாக்டர் சொல்வாருங்க, கவலப்படாதீங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். முகம் மாறக் கூடாது. எட்டு வருடத்தில் அவன் நாக்கு அதற்குப் பழகிப்போயிருந்தது. பழகியது நாக்கு மட்டுமல்ல என்பது அன்றுதான் தெரிந்தது. அவசரப் பிரிவு இருபது அடி தூரம். அவன் போகவில்லை. அடுத்த சீட்டை எடுத்தான். மணிக்கட்டு, வலது. ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாடிப்படியில வழுக்கிட்டேன்பா. வீட்டுக்காரி சொன்னா, கண்ணு எங்க இருந்துச்சுன்னு."

"கைய இப்படித் திருப்புங்க."

"கண்ணு இங்கதான் இருந்துச்சு, காலுதான் அங்க போச்சுன்னேன்."

அவர் சிரித்தார். படக்காரனும் சிரித்தான். மணிக்கட்டுப் படத்தின் மூலையில் ஒன்று பத்தொன்பது என்று இருக்கிறது. மனைவி இருபது அடி தள்ளிச் சாகக் கிடந்தபோது, அவன் ஒருவருடைய கையைத் திருப்பித் திருப்பி வைத்து இரண்டு கோணத்தில் படம் எடுத்தான். நன்றாகவும் எடுத்தான்.

ஒன்று இருபத்தொன்றுக்குப் பெரியவர் எழுந்து போன பிறகுதான் அவனுக்கு உடம்பில் உயிர் வந்தது. ஓடினான்.

அவசரப் பிரிவில் அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். எல்லோரும் அவரைச் சின்ன டாக்டர் என்பார்கள். ஈசிஜி தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நர்ஸ், அவன் மனைவியின் கையில் ஏறும் குழாயில் ஒரு ஊசியைச் செலுத்திக்கொண்டிருந்தாள்.

"அது என்ன ஊசி?"

"ரத்தம் உறையாம இருக்க. ஈசிஜியில மாற்றம் இருக்கு. ஹார்ட்தான்" என்றார் சின்ன டாக்டர். "நீங்க ஏன் இங்க?"

"என் வீட்டுக்காரி."

"ஓ. பயப்படாதீங்க. உட்காருங்க."

"டாக்டர், படம் பார்த்தீங்களா?"

"ரிப்போர்ட் வரட்டும்."

"ஹார்ட் இல்ல டாக்டர். வயிறு. மேல ஏறி முறுக்கிக்கிச்சு. அதுதான் இதயத்த அமுக்குது. வாந்தி வர மாதிரி வருது, வரமாட்டேங்குது பாருங்க."

நர்ஸ் கையை நிறுத்தினாள். ஆனால் சிரிஞ்சு காலியாக இருந்தது.

சின்ன டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் எந்த எக்ஸ்ரே ஆளும் எந்த டாக்டரிடமும் அப்படிப் பேசியதில்லை.

"நீங்க எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"பழைய படம் இருக்கு. இதே இடத்துல. ரெண்டு வருஷம் நாலு மாசம் முன்னால."

"எங்க? இவங்க பேர்ல பழைய படம் ஒண்ணுதான் இருக்கு. அது சுத்தமா இருக்கே."

"அது ரெண்டாவது படம். முதல் படத்த நான் ஒதுக்கி வெச்சேன்."

சரியாக விழாத படங்களைப் போட்டு வைக்க ஒவ்வொரு எக்ஸ்ரே இயந்திரத்திலும் ஓர் இடம் உண்டு. அசைந்த படம், கோணல் படம், கழற்ற மறந்த சங்கிலியோடு எடுத்த படம். டாக்டர்கள் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. சின்ன டாக்டரின் கணினியில் அவனே அதைத் திறந்து காட்டினான். இதயத்துக்குப் பின்னால் ஓர் எலுமிச்சை அளவுக்கு வட்ட நிழல். அதற்குள் ஒரு நீர்மட்டம்.

நடந்தது இதுதான். கார் ஓட்டக் கற்றுத்தர அவளுக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. அதற்கு மார்புப் படம் கேட்டார்கள். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு கண்ணாடிக் கடைக் கல்லாவில் நின்று, கால் வீங்கி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். "எனக்குன்னு ஒரு ஸ்டியரிங் வேணும், பக்கத்துல ஒரு பிரேக் வேணும். அவ்வளவுதான் என் ஆசை" என்பாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து நின்றாள். எடுத்தான். அந்த நிழல் தெரிந்தது. வேறு ஒருவருக்குப் பழைய தழும்பு ஒன்று படத்தில் இருந்ததற்காக லைசென்ஸ் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதை அவன் பார்த்திருந்தான். "கொஞ்சம் அசைஞ்சுட்டே. நாளைக்குக் காலையில எதுவும் சாப்பிடாம வா" என்றான். வெறும் வயிற்றில் அந்த நிழல் இறங்கிப் போயிருந்தது. இரண்டாவது படத்தைக் கொடுத்தான். லைசென்ஸ் வந்தது.

நிறையப் பேருக்கு இருப்பதுதான், எண்பது வயது வரை ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய்யும் இல்லை. அவளிடம் மட்டும் சொல்லவில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தான். இரவில் குறைவாகச் சாப்பிடச் சொன்னான். நெஞ்செரிச்சல் என்றால் மாத்திரை எடுத்து நீட்டினான். "என்னடா இது, கட்டில்ல படுத்தா சறுக்குமரத்துல படுத்த மாதிரி இருக்கு. கால் பக்கமா சறுக்கி ஒரு நாள் வாசல்ல போய் விழப்போறேன்" என்று அவள் கிண்டல் செய்தாள். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள், என் புருஷன் மாதிரி கவனிச்சுக்க ஆள் கிடையாது என்று. டாக்டரிடம் போகாமலேயே அவன் அவளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்ன டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போனை எடுத்து அறுவை டாக்டரை அழைத்தார்.

அறுவை டாக்டர் பெரிய உருவம். எப்போதும் ஏதாவது மெட்டை முணுமுணுத்துக்கொண்டே நடப்பவர். படத்தைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றது. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். பாதியில் முட்டி நின்றது. மறுபடியும் விட்டார். அதே இடத்தில் நின்றது.

"தியேட்டர ரெடி பண்ணு. இப்பவே" என்றார். படக்காரனைத் தனியே இழுத்துப் போனார். "ஈரத்துணிய ரெண்டு கையால பிழிஞ்சா எப்படி இருக்கும், அப்படிக் கிடக்கு உள்ள. ரத்தம் போகாது. நேரம் ஆக ஆகக் கறுத்துப் போகும். அந்த ஓட்டையோட விளிம்பு உரசி உரசிப் புண்ணும் இருக்கும். ஒண்ணு வெடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். அந்த ஊசி போடாம இருந்தா நல்லா இருந்திருக்கும். முறிக்க மருந்து இருக்கு, கொடுக்கறோம். ஆனா ரத்தம் நிறையப் போகும்."

"பிழைப்பாளா டாக்டர்?"

"கையெழுத்துப் போடு."

போட்டான். தள்ளுவண்டி போகும்போது அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஹார்ட்டா?" என்று கேட்டாள்.

"இல்ல. வயிறு."

"அப்பாடா" என்றாள். "நான் ஹார்ட்டுன்னு பயந்துட்டேன்."

நாலரை மணி நேரம் ஆனது. அதற்குள் அவளுடைய தங்கை வந்து சேர்ந்தாள். ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதும் பெண். அக்கா என்றால் அவளுக்கு உயிர். அவன் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தான். அவள் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். மாணவி இன்னும் போகவில்லை. அவளும் தங்கையுமாக ஒரே துண்டில் மாறி மாறி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அறுவை டாக்டர் வெளியே வந்தபோது முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. இரைப்பையில் பாதிக்கு மேல் செத்துப்போயிருந்ததாகச் சொன்னார். அதை எடுத்துவிட்டு மீதியை உணவுக்குழாயோடு சேர்த்துத் தைத்திருந்தார். ஓட்டையையும் மூடியாயிற்று. எதிர்பார்த்தபடியே ஒரு புண் வெடித்திருந்தது. ஒன்பது பாட்டில் ரத்தம் ஏறியது.

"இவர் மட்டும் சொல்லாம இருந்திருந்தா, ஹார்ட்டுன்னே மருந்து கொடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "மாமா, நீங்கதான் மாமா அவள மீட்டுக் கொடுத்தீங்க." போனில் எல்லோருக்கும் அதையே சொன்னாள். அடுத்த நாள் காலைக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். காண்டீன்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்தார். மறுப்பு சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்தான்.

மூன்றாம் நாள் அவள் கண் விழித்தாள். தொண்டையில் குழாய், பேச முடியாது. நர்ஸ் ஒரு அட்டையில் தாளைச் செருகிப் பேனாவைக் கையில் கொடுத்தாள். குழந்தை எழுதுவது போல் கோணல்மாணலாக எழுதினாள்.

*கார் எங்க?*

"பின்பக்கம் எடுத்து நிறுத்தியாச்சு. ஆம்புலன்ஸ்காரர் வந்து கத்தினாரு. காவலாளியே ரிவர்ஸ் எடுத்தாரு."

*அவளுக்கு கிளாஸ் ஃப்ரீ. சொல்லிடு.*

கொஞ்ச நேரம் கழித்து: *ஹேண்ட் பிரேக் போட்டாளா?*

"போட்டா."

கண்ணாலேயே சிரித்தாள். பிறகு தூங்கிவிட்டாள்.

நான்காம் நாள் காலையில் அவள் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. தங்கை அன்று அலுவலகத்தில் விடுப்பு எழுதிக்கொடுக்கப் போயிருந்தாள். அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். அவள் தாளை இழுத்து எழுதினாள்.

*என்ன? ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?*

சொன்னான். முதல் படம், வெறும் வயிறு, இரண்டாவது படம், செங்கல், மாத்திரை. அந்த ஏழு நிமிடத்தையும் சொன்னான். மணிக்கட்டுப் பெரியவரையும் சொன்னான். சொல்லும்போது அழவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தான், வரவில்லை.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு பேனாவைத் தேடினாள்.

*எத்தன படம் எடுத்தே?*

"ரெண்டு."

*எனக்கு எத காட்டினே?*

"எதையும் காட்டல."

நெடுநேரம் பேனா தாளின் மேலேயே நின்றது. மை ஒரே இடத்தில் ஊறிப் பரவியது.

*அந்த லைசென்ஸ் கிடைச்சிருக்காது.*

அடுத்த வரி: *ஆனா என்ன கேட்டிருக்கலாம்.*

"ஆமா" என்றான்.

அவள் கையை அட்டையிலிருந்து எடுத்துப் போர்வைமேல் வைத்துக்கொண்டாள். அவன் தொட்டான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதினாள்.

*வீட்டுக்குப் போய்க் குளி. நாறுது. தங்கச்சிய வரச் சொல்.*

தங்கை வந்ததும் போனான். நான்கு நாளாக அதே சட்டை. குளித்தான். முகம் மழித்தான். அடுப்படியில் அவள் கழுவாமல் வைத்துவிட்டுப் போன காப்பி டம்ளர் இருந்தது, அதைக் கழுவிக் கவிழ்த்தான். திரும்பிப் போனதும் என்ன சொல்வது என்று யோசித்தான். அவள் கோபப்படுவாள், அது தெரியும். கத்துவாள். பத்து நாள் பேசமாட்டாள். அந்தப் பத்து நாளை எப்படிக் கடப்பது என்றெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். சட்டையின் இரண்டாவது பொத்தானில் இருந்தபோது போன் அடித்தது.

"மாமா, காய்ச்சல் எகிறுது. அக்காவுக்கு நடுங்குது. டாக்டர் வந்திருக்காரு. சீக்கிரம் வாங்க."

அவன் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. சேர்த்துத் தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. மறுபடியும் தியேட்டர். மூன்று மணிக்கு உள்ளே போனாள். ஐந்து இருபதுக்கு அறுவை டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, தலையை மட்டும் ஆட்டினார்.

தங்கை போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு நர்ஸ் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

ஆறு மணிக்கு அறுவை டாக்டர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இறப்புப் படிவம். அவரும் களைத்துப் போயிருந்தார்.

"உன்னால ஆனத நீ செஞ்சே. அதுக்கு மேல யாராலயும் முடியாது. மனச விட்டுடாத. இங்க ஒரு கையெழுத்து."

பேனாவை வாங்கினான். வழக்கமாகச் சீட்டைப் படிப்பது போல வரி வரியாகப் படித்தான். இறப்புக்குக் காரணம்: இரைப்பை முறுக்கு, புண் வெடிப்பு, தையல் கசிவு. அதற்குப் பக்கத்தில், நோய் தொடங்கியதிலிருந்து இறப்பு வரையான காலம். அந்தக் கட்டத்தில் நான்கு நாள் என்று எழுதியிருந்தது.

"இது தப்பு டாக்டர்."

"எது?"

"நாலு நாள் இல்ல. ரெண்டு வருஷம் நாலு மாசம்."

அறுவை டாக்டர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே அவனைப் பார்த்தார்.

"அந்தப் பழைய படத்தச் சொல்றியா? சின்ன டாக்டர் சொன்னாங்க. நான் எதுவும் கேட்கல, நீயும் எதுவும் சொல்ல வேணாம். இத மாத்தினா எப்படித் தெரியும்னு கேள்வி வரும். லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து வருவாங்க. உன் வேலை போகும். கேஸ் கூட ஆகலாம். எதுக்குப்பா இப்ப? போனவ வரப்போறதில்ல."

"தெரியும்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் டாக்டர். எழுதுங்க."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு நான்கு நாள் என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தை வைத்தார்.

"தேதி சொல்லு."

சொன்னான். வருடம், மாதம், நாள், படத்தின் மூலையில் இருந்த மணி வரைக்கும் சொன்னான். மணி வேண்டாம் என்றார் அவர்.

கதவருகே சத்தம் கேட்டது. தங்கை, அக்காவின் கைப்பையையும் செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"மாமா, அது என்ன தேதி?"

அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உட்காரு" என்றான்.